பேசுவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள்: ஆன்லைனில் கூடி யோசிப்பது பற்றி

கோவை, ஓசூர், புனே என்று மூன்று ஊர்களில் இயங்கும் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். வாராவாரம் எல்லோரையும் வீடியோ மீட்டிங்கில் உட்கார வைத்து "புதுசா ஏதாவது சொல்லுங்க" என்கிறார்களாம். மேனேஜர் பேசுகிறார், இரண்டு பேர் தலையாட்டுகிறார்கள், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆன்லைனில் சேர்ந்து வேலை செய்தால் புதுமை வளரும் என்கிறார்களே, அது உண்மையா, அதற்கு எந்த சாஃப்ட்வேரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். கேள்வி சாஃப்ட்வேரில் முடிந்தாலும் அதன் அடியில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. டீக்கடையில் நின்றால் அருமையான யோசனை சொல்கிற அதே ஆட்கள், திரைக்கு முன் ஒன்றாக உட்கார்ந்ததும் ஏன் வாயடைத்துப் போகிறார்கள்? இதற்குப் பதில் கிடைத்தால் எதை வாங்குவது என்பது சின்ன விஷயமாகிவிடும்.

நான் நிறுவன உளவியல் படித்துவிட்டு, பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளிலும் சில ஐடி நிறுவனங்களிலும் ஊழியர் யோசனைத் திட்டங்களை அமைத்துத் தருகிறேன். என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், ஆன்லைன் கூட்டுவேலை புதுமைக்கு உண்மையாகவே உதவும். ஆனால் அந்த உதவி வருவது எழுத்து வழியாக. வீடியோ மீட்டிங்கிலிருந்து அது வரும் என்று எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் தடுமாறுகின்றன.

கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்ற நம்பிக்கையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன். அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். பிபிடிஓ என்ற விளம்பர நிறுவனத்தின் பெயரில் கடைசியாக வரும் 'ஓ' இவருடையதுதான். 'பிரெயின்ஸ்டார்மிங்' முறையை 1950களில் உலகமெங்கும் கொண்டுசென்றார். விமர்சனம் கூடாது, எண்ணிக்கை முக்கியம், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்டுங்கள் என்பவை அவர் வகுத்த விதிகள். இப்படிக் குழுவாக யோசித்தால் ஒருவர் தனியாக யோசிப்பதைவிட இரண்டு மடங்கு யோசனை தருவார் என்றும் எழுதினார். 1958ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்து யோசிக்கச் சொன்னார்கள். இன்னொரு பக்கம் நான்கு பேரைத் தனித்தனியாக யோசிக்க வைத்து, ஒரே மாதிரி வந்த யோசனைகளை ஒன்றாக எண்ணிக்கொண்டு, மீதியைக் கூட்டினார்கள். தனித்தனியாக யோசித்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஆஸ்பர்ன் சொன்னதற்கு நேர் எதிர். அதன் பிறகு வெவ்வேறு நாடுகளில் பலமுறை செய்து பார்த்தும் இந்த முடிவு பெரும்பாலும் மாறவில்லை. குழு உளவியலில் இவ்வளவு உறுதியாக நிற்கும் முடிவுகள் குறைவு.

காரணம் என்ன என்பது 1987ல் ஜெர்மனியில் தெளிவானது. மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இருவர் மூன்று சந்தேகங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமா? அடுத்தவன் சொல்லட்டும் என்று சும்மா இருப்பதா? அல்லது ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் மற்றவர்கள் காத்திருப்பதா? ஒரு சோதனையில் ஆட்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்தார்கள். வேறொருவர் பேசும்போது விளக்கு எரியும், அது அணையும் வரை இவர் பேசக்கூடாது. அந்த விளக்கு ஒன்றே யோசனைகளை வெகுவாகக் குறைத்துவிட்டது. கூச்சத்துக்கும் சோம்பலுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு காத்திருப்புக்குத்தான். என் முறை வரும் வரை சொல்ல வந்ததை மனதில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்குள் அடுத்த யோசனை எழாது. நடுவில் வேறு யாரோ வேறு திசையில் பேச்சை இழுத்துப்போனால், பிடித்து வைத்திருந்ததும் பொருத்தமில்லாமல் போய்விடும்.

இப்போது உங்கள் வாராந்தர மீட்டிங்கை நினைத்துப் பாருங்கள். நேரில் உட்கார்ந்தாலாவது பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்கலாம், முகக்குறிப்பில் "எனக்கொன்று இருக்கிறது" என்று காட்டலாம். வீடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் இருவருமே நிறுத்திக்கொண்டு "நீங்க சொல்லுங்க சார்" என்கிறார்கள். அந்த 'சார்' பேசிவிடுவார். மற்றவர் சொல்லவந்தது அத்தோடு போயிற்று. உங்கள் ஆட்களிடம் யோசனை இல்லை என்று இதை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

எழுத்து இந்தக் காத்திருப்பை நீக்கிவிடுகிறது. பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம், யாரும் யாரையும் மறிக்கவில்லை. 1980களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கணினிகளை இணைத்து இப்படி யோசனை எழுத வைக்கும் அறைகளை அமைத்தார்கள். 1993ல் வெளியான டென்னிஸ், வலாசிச் ஆய்வில், 12 பேர் கொண்ட குழுக்கள் கணினியில் ஒன்றாக எழுதியபோது, தனித்தனியே யோசித்த 12 பேரைவிட அதிக யோசனைகளைத் தந்தன. 6 பேர் குழுக்களில் அந்த வித்தியாசம் இல்லை. தனியாக யோசிப்பதைக் குழு மிஞ்சியது அங்கேதான் என்பதால் இந்த ஆய்வு எனக்கு முக்கியம். ஆள் கூடக்கூட, அடுத்தவர் எழுதியதைப் படித்துத் தூண்டுதல் பெறும் ஆதாயம் வளர்கிறது. காத்திருப்பு நஷ்டம் வளர்வதில்லை. இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், எண்ணியது யோசனைகளின் எண்ணிக்கை. உங்கள் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) வடிவமைப்பில் அதே அளவு பலன் கிடைக்கும் என்று இதை வைத்து வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எந்தத் திசையில் போகவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வீடியோ பற்றித் தனியாகவே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. மெலனி பிரக்ஸ், ஜொனதன் லெவாவ் இருவரும் 2022ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தில் 602 பேரை இரண்டிரண்டாகப் பிரித்து, பாதி ஜோடிகளை நேரிலும் மீதியை வீடியோவிலும் யோசிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 1,490 பொறியாளர்களை வைத்து ஐந்து நாடுகளில் அதையே செய்தார்கள். அதில் இந்தியாவும் ஒன்று. இரண்டு இடத்திலும் வீடியோ ஜோடிகள் தந்த யோசனைகள் குறைவு. ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் அவர்கள் பின்தங்கவில்லை. அறையில் எலும்புக்கூடு படம், எலுமிச்சம்பழம் போன்ற சம்பந்தமில்லாத பொருட்களை வைத்திருந்தார்கள். வீடியோவில் பேசியவர்களின் பார்வை எதிரே இருந்த முகத்திலேயே நின்றது, அறையில் இருந்த பொருட்கள் அவர்கள் நினைவில் குறைவாகவே பதிந்தன. பார்வை குறுகும்போது யோசனையும் குறுகுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இது பேசும் ஜோடிகளை ஒப்பிட்டது, எழுதுகிறவர்களை அல்ல என்பதை மனதில் வையுங்கள். ஆகவே, யோசனை திரட்டுவதை வீடியோவில் செய்யாதீர்கள், தேர்வு செய்வதைத் தாராளமாகச் செய்யுங்கள் என்று நான் எல்லா நிறுவனங்களிலும் சொல்லிவருகிறேன்.

எழுத்தின் இன்னொரு பலம் இதைவிடப் பெரியது. அறைக்குள் இல்லாத ஆளை அது உள்ளே கொண்டுவருகிறது. எலி லில்லி மருந்து நிறுவனத்திலிருந்து 2001ல் பிறந்த இன்னோசென்டிவ் என்ற அமைப்பு, நிறுவனங்களால் தீர்க்க முடியாத அறிவியல் சிக்கல்களை ஆன்லைனில் போட்டு, யார் வேண்டுமானாலும் தீர்க்கலாம், தீர்த்தால் பரிசு என்றது. அப்படிப் போடப்பட்ட 166 சிக்கல்களை லார்ஸ் போ யெப்பெசன், கரீம் லக்கானி ஆகியோர் ஆராய்ந்து 2010ல் எழுதினார்கள். ஏறத்தாழ 30 சதவீதம் தீர்ந்திருந்தன. அந்தந்த நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் முட்டி மோதியும் தீராதவை இவை. சிக்கல் எந்தத் துறையைச் சேர்ந்ததோ அதிலிருந்து விலகியிருந்த துறைக்காரர்கள் வெல்லும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 1989ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியது நினைவிருக்கலாம். அப்பகுதியின் எண்ணெய்க் கசிவு மீட்பு நிறுவனம் 2007ல் ஒரு சிக்கலைப் போட்டது: அள்ளிய எண்ணெயும் தண்ணீரும் குளிரில் கெட்டியாகிவிடுகின்றன, படகிலிருந்து பம்ப் செய்ய முடியவில்லை. தீர்த்தவர் எண்ணெய்த் துறைக்காரர் அல்லர். இல்லினாய்ஸைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர். கான்கிரீட் போடும்போது அது இளகி ஓடுவதற்காக வைப்ரேட்டர் விடுவார்களே, அதையே இங்கும் விடலாம் என்றார். 20,000 டாலர் பரிசு கிடைத்தது. நம் ஊர்க் கட்டட வேலையில் தினமும் பார்க்கும் கருவிதான்.

உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இப்படி விலகி நிற்பவர்கள் இருக்கிறார்கள். நான் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், கிடங்கில் வைத்த பம்புகளில் பெயின்ட் உரிவதை வடிவமைப்புக் குழு பெயின்ட் பிரச்சினையாகவே பேசிக்கொண்டிருந்தது. கேள்வியை எல்லாக் கிளைகளுக்கும் திறந்துவிட்டபோது, வெளி மாநிலக் கிடங்கில் பேக்கிங் பார்க்கும் ஒருவர் நாலைந்து போட்டோ அனுப்பினார். துரு எல்லாவற்றிலும் ஒரே பக்கத்திலிருந்துதான் கிளம்பியிருந்தது. தண்ணீர் டெஸ்ட் முடிந்த பிறகு பம்பின் வெளிக்கூடான கேசிங்கில் தேங்கிய நீர் அந்தப் பக்கம் கசிந்து இறங்கியிருக்கிறது. வடிகால் பிளக்கின் இடத்தை மாற்றினார்கள், பெயின்டைத் தொடவில்லை. அந்த மனிதரை எந்த வீடியோ மீட்டிங்குக்கும் யாரும் அழைத்திருக்கமாட்டார்கள்.

அவர் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதவேண்டும் என்று இருந்திருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டார். இதை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் யோசனைத் திட்டம் படுத்துவிடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் ஆங்கிலப் படிவம். தமிழில் எழுதட்டும், இந்தியில் எழுதட்டும், மராத்தியில் எழுதட்டும். எழுத வராதவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும், போட்டோ எடுத்துப் போடட்டும். எழுத்தாக்கித் தொகுப்பது அலுவலகத்தில் இருக்கும் ஒருவரின் வேலை. அதே சமயம் இதற்கு வாட்ஸ்அப் குரூப் ஒத்துவராது. செய்தி மேலேறிப் போய்விடும், நாளைக்குத் தேடினால் கிடைக்காது. மேனேஜர் ஒரு கட்டைவிரல் போட்டதும் அந்தப் பேச்சு முடிந்துபோகும். வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எல்லோரும் பார்க்கும், எல்லோரும் திருத்தும் ஓர் ஆவணத்தில் சேர்த்துவிட வேண்டும்.

இனி ஆன்லைன் எதைப் பறிக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் 2020ஆம் ஆண்டு முதல் ஆறு மாதத் தொடர்புகளை ஆராய்ந்து 2022ல் வெளியிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனபோது, தங்கள் குழுவுக்கு வெளியே இருப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் நேரத்தின் பங்கு, முன்பிருந்ததில் கால்வாசி அளவுக்குக் குறைந்தது. குழுவுக்குள் நெருக்கம் கூடியது, குழுக்களுக்கு நடுவே இருந்த பாலங்கள் மெலிந்தன. பெருந்தொற்றின் கலவரம் இதில் கலந்திருக்காதா என்று கேட்கலாம். ஏற்கெனவே வீட்டிலிருந்து வேலை செய்தவர்களை ஒப்பிட்டு அதைக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள், ஆகவே எண் ஓரளவு நம்பத்தக்கது. 2023ல் 'நேச்சர்' வெளியிட்ட இன்னொரு ஆய்வு, 2 கோடி ஆய்வுக் கட்டுரைகளையும் 40 லட்சம் காப்புரிமைகளையும் பார்த்து, தொலைவில் இருந்துகொண்டு சேர்ந்தவர்களிடம் பெரும் திருப்பம் தரும் கண்டுபிடிப்புகள் குறைவு என்றது. தொலைவில் இருப்பவர்கள் கருத்தாக்கத்தைவிட நுட்ப வேலைகளிலேயே அதிகம் சேர்கிறார்களாம். இதில் காரண காரியத்தை நான் உறுதியாக ஏற்கமாட்டேன். தொலைவில் சேர்கிறவர்களும் பக்கத்தில் சேர்கிறவர்களும் ஆரம்பத்திலேயே வேறு வகை வேலைகளை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பயணச் செலவுக்குப் பணம் கொஞ்சம்தான் என்றால், அதை ஒரு திட்டத்தின் தொடக்கத்தில் ஆட்களை ஒரே ஊரில் சேர்க்கச் செலவழியுங்கள். முடிவில் கேக் வெட்டுவதற்காகச் சேர்ப்பதைவிட அதற்குப் பலன் அதிகம்.

எப்போதும் தொடர்பில் இருப்பதும் நல்லதில்லை. ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஜெஸ்ஸி ஷோர், டேவிட் லேசர் மூவரும் 2018ல் ஒரு சோதனை செய்தார்கள். பல ஊர்களைக் குறைந்த தூரத்தில் சுற்றிவரும் வழியை மூன்று பேர் குழுக்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் விடையை ஒருவர் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த குழுக்களின் சராசரி உயர்ந்தது, ஆனால் மிகச் சிறந்த வழி கிடைப்பது குறைந்தது. சுமாரான ஒரு விடையிலேயே எல்லோரும் சீக்கிரம் நின்றுவிட்டார்கள். பார்க்கவே பார்க்காதவர்களில் சிலர் மிகச் சிறந்ததைக் கண்டார்கள், சராசரி தாழ்ந்தது. இடையிடையே மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டும் கிடைத்தன. காலை முதல் மாலை வரை சாட்டில் பச்சை விளக்கு எரியவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மேலதிகாரிகளுக்கு இதைக் காட்டுவேன். கிறிஸ்டோப் ரீடல், அனிதா வூலி ஆகியோரின் 2017 ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது: ஆன்லைனில் சாஃப்ட்வேர் எழுதிய குழுக்களில், குறுகிய நேரம் அடர்த்தியாகப் பேசிவிட்டு நீண்ட நேரம் தனியே வேலை செய்தவை, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பேசியவற்றைவிட நன்றாகச் செய்தன.

இவ்வளவும் சரியாகச் செய்து யோசனைகள் குவிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். உண்மையான தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. 2006ல் ஐபிஎம் 'இன்னொவேஷன் ஜாம்' என்று ஆன்லைனில் ஒரு பெரிய யோசனை திரட்டலை நடத்தியது. 72 மணி நேரம் வீதம் இரண்டு சுற்று, 104 நாடுகள், 67 நிறுவனங்கள், ஒன்றரை லட்சம் பேர், 46,000 பதிவுகள். மின்விநியோக வலையமைப்பு, பொதுப் போக்குவரத்துத் தகவல், சுற்றுச்சூழல் என்று பத்துப் புதிய தொழில்களுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பிறகு ஒஸ்வால்ட் பியெல்லண்ட், ராபர்ட் சாப்மன் வுட் இருவரும் உள்ளே புகுந்து பார்த்து எழுதியதில் ஒன்று மிகவும் கவனிக்க வேண்டியது. அவ்வளவு கூட்டத்திலும் ஒருவர் யோசனையின் மேல் இன்னொருவர் கட்டி எழுப்பியது குறைவு. ஒவ்வொருவரும் தன்னுடையதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். குவிந்ததை மென்பொருளால் வகைபிரித்த பிறகும், மூத்த அதிகாரிகள் பலரை வரவழைத்து ஒரு வாரம் உட்கார்ந்து படிக்க வைக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் மூலைகளில் ஏற்கெனவே யாரோ சிலர் மனதில் வைத்திருந்த யோசனைகள் மேலிடத்தின் கண்ணில் பட்டன என்பதே ஜாமின் பெரிய பலன். அதுவே எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் படித்துப் பார்க்க ஆளையும் நேரத்தையும் ஒதுக்காத நிறுவனம் இதில் இறங்கவே கூடாது.

பதில் வராத யோசனை, அடுத்த யோசனையைக் கொன்றுவிடுகிறது. அதனால் நான் வைக்கும் ஒரே கண்டிப்பான நிபந்தனை, வந்த ஒவ்வொன்றுக்கும் குறித்த தேதிக்குள் காரணத்தோடு பதில் போகவேண்டும் என்பது. "வேண்டாம், ஏனென்றால்..." என்று வந்தால்கூட ஆட்கள் மறுபடி எழுதுகிறார்கள். பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. "ஐடியா என்னுது, பேரு அவருக்கு" என்ற மனக்கசப்பை அநேகமாக எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன். பெயரில்லாமல் எழுதவிட்டால் மேலதிகாரி யோசனையையும் துணிந்து விமர்சிக்கிறார்கள், ஆனால் அங்கீகாரம் கிடைப்பதில்லை. முதல் சுற்றில் பெயரை மறைத்து, தேர்வு முடிந்ததும் எழுதியவர் சம்மதத்தோடு வெளியிடுவது இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒத்துவந்த வழி. தேர்வான யோசனையின் சோதனையில் அதைச் சொன்னவரையே சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர் ஆபரேட்டராக இருந்தாலும்.

சமீபமாக ஒரு புதுச் சிக்கல். யோசனை கேட்டால் சாட்ஜிபிடியிடம் கேட்டு அப்படியே ஒட்டுகிறார்கள். 2024ல் டோஷி, ஹவுசர் ஆகியோர் சிறுகதை எழுதுபவர்களை வைத்துச் செய்த ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் உதவி பெற்ற கதைகள் ஒவ்வொன்றாகப் பார்த்தால் மேம்பட்டிருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்திருந்தன. குழுவின் பலமே ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் இருக்கும்போது இது சின்ன இழப்பு இல்லை. கதையிலிருந்து பம்புக்கு எவ்வளவு தூரம் இதை நீட்டலாம் என்பது விவாதத்துக்குரியது. முதலில் சொந்தமாக எழுதிவிட்டுப் பிறகு கேளுங்கள் என்றுதான் இப்போது சொல்கிறேன்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இது. அடுத்த மாத வீடியோ மீட்டிங்குகளில் முதல் மூன்றை ரத்து செய்யுங்கள். "புதுசா ஏதாவது" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "மெக்கானிக்கல் சீல் (பம்பின் தண்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும் பாகம்) மாற்ற சர்வீஸ் ஆளுக்கு ஆகும் நேரத்தைப் பாதியாக்குவது எப்படி" என்பது போலக் கையால் தொடக்கூடிய ஒரு கேள்வியை எடுங்கள். மூன்று ஊர்க்காரர்களும் டீலர், சர்வீஸ் ஆட்களும் ஒரு வாரத்துக்குள் தனித்தனியாக எழுதி அனுப்பட்டும், அதுவரை யாரும் மற்றவருடையதைப் பார்க்கவேண்டாம். இரண்டாம் வாரம் எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில் திறந்துவிட்டு, மற்றவர் எழுதியதன் மேல் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஐபிஎம்மில் நடக்காமல் போனது இதுதான் என்பதால், புது யோசனை எழுதுவதை அந்த வாரம் நிறுத்திவையுங்கள். மூன்றாம் வாரம் இரண்டு பேர் தொகுத்து வகைபிரிக்கட்டும். நான்காம் வாரம் எல்லோரும் படித்துவிட்டு வந்து, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் வீடியோவில் கூடித் தேர்வு செய்யுங்கள். மேனேஜர் கடைசியாகப் பேசட்டும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கூகுள் டாக்ஸ் போன்ற ஒன்று இதற்குப் போதும்.

என் அனுபவம் பெரும்பாலும் பொறியியல், உற்பத்தி சார்ந்தது. விளம்பரம், சினிமா போன்ற தொழில்களில் நேரில் சேர்ந்து உட்காருவதற்கு நான் இங்கே கொடுத்ததைவிட அதிக இடம் இருக்கலாம். கடைசியாக நடைமுறை எச்சரிக்கை ஒன்று. டீலர்களையும் வெளி சப்ளையர்களையும் ஆவணத்துக்குள் விடுவதற்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விண்ணப்பம் போடும் முன்பே ஒரு கண்டுபிடிப்பு பொதுவில் வெளியாகிவிட்டால், இந்தியாவில் மிகச் சில விதிவிலக்குகள் தவிர அதற்குக் காப்புரிமை கிடைக்காது. காப்புரிமைக்குத் தகுதியானது என்று தோன்றும் யோசனையைப் பொது ஆவணத்திலிருந்து உடனே தனியாக எடுத்து வைத்து, காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.